இளகாத வீல் நட்டு: மக்காச்சோள லோடோடு நின்ற ஒரு காலை

தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன ஆலைக்கு வந்துகொண்டிருந்தோம். பத்துச் சக்கர வண்டி, சொந்த வண்டி, நானேதான் ஓட்டுகிறேன், கூடக் கிளீனர் தம்பி ஒருவன். கிருஷ்ணகிரி தாண்டி, காவேரிப்பட்டணமும் தாண்டி, விடிகாலை ஐந்தரைக்கு டீக்கு நிறுத்தினோம். நிறுத்தியதும் தம்பி ராடை எடுத்துக்கொண்டு டயர் தட்டப் போனான். காற்று சரியாக இருக்கிற டயரைத் தட்டினால் ராடு கையில் துள்ளும், 'டங்' என்று கேட்கும். கடைசி ஆக்ஸில், இடது பக்கம், உள் டயரைத் தட்டியபோது ஈரச் சாக்கை அடித்த மாதிரி 'தப்' என்றது. பக்கத்திலிருந்த வெளி டயரில் கை வைத்தால் மற்ற டயர்களைவிடச் சூடு அதிகம். இரண்டு டயர் சுமக்க வேண்டிய பாரத்தை அது ஒன்றே எவ்வளவு தூரம் சுமந்து வந்ததோ, ஸ்டியரிங்கில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பின் சக்கரத்தில் உள் டயர் போனால் அப்படித்தான், தட்டினால் தவிரத் தெரியாது.

உள் டயரை எடுக்க வெளி டயரையும் கழற்றியாக வேண்டும், இரண்டு சக்கரத்தின் டிஸ்க்கையும், அதாவது நடுத் தட்டையும், அதே பத்து நட்டுதான் பிடித்திருக்கிறது. எனக்கும் தம்பிக்கும் இது வழக்கமாக முக்கால் மணி நேர வேலை. அன்றைக்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது, ஒரு ஸ்டட்டும், அதாவது நட்டு ஏறுகிற மரைக் கம்பியும், உடைந்தது. ஏன் அப்படி ஆனது, எது உதவியது, எது கெடுத்தது என்று முழுதாக எழுதி வைக்கிறேன். வண்டியோடு வாழ்கிற யாருக்காவது இது பயன்பட்டால் அந்தக் காலைப் பொழுது வீண் இல்லை.

வேலைக்கு முன்னால் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹேண்ட் பிரேக், மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. இடது பக்கச் சக்கரம் என்பதால் வண்டியே ரோட்டுக்கும் எங்களுக்கும் நடுவே நின்றது, அந்த ஒரு விஷயத்தில் அதிர்ஷ்டம். ஜாக்கி போடவில்லை. நட்டை முதலில் இளக்குவது சக்கரம் தரையில் இருக்கும்போதுதான். பதினாறு டன் லோடை ஒரு ஜாக்கியின் மேல் நிறுத்திவிட்டு ஐந்தடி பைப்பில் ஏறி நின்று உலுக்குவது உயிரோடு விளையாடுகிற வேலை.

முதல் ஐந்து நட்டு

வீல் ஸ்பேனர், அதன் தலை ஓட்டையில் நுழைக்கிற டாமி ராடு, ராடின் மேல் செருக ஒரு ஜிஐ பைப்பு, இவ்வளவுதான் முதலில் எடுத்தது. இந்த வண்டியில் ஸ்டட் 22 மி.மீ., மரை இடைவெளி ஒன்றரை மி.மீ. இந்த அளவு ஸ்டட்டுக்குச் சொல்லப்படுகிற முறுக்கு பெரும்பாலும் 600 முதல் 700 நியூட்டன் மீட்டருக்குள் வரும். நம் பாஷையில் சொன்னால், 60 அல்லது 70 கிலோ ஆள் ஒருவர் நட்டின் நடுவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிக் கம்பியில் ஏறி நிற்கிற பலம். நான் 74 கிலோ. பைப்பில் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் 111 கிலோகிராம் மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 1,090 நியூட்டன் மீட்டர். முறையாக முடுக்கிய நட்டு, துரு இல்லாத நட்டு, இதற்குக் கட்டாயம் இளக வேண்டும்.

இந்தக் கணக்கு கம்பி தரைக்கு இணையாகப் படுத்திருந்தால்தான் செல்லும். கம்பி 45 டிகிரி சாய்ந்திருந்தால் நம் எடையில் 70 சதவீதம்தான் நட்டுக்குப் போய்ச் சேரும். அதனால் ஸ்பேனரை ஒரு முகம் தள்ளி மாட்டிப் பார்த்து, சக்கரத்தைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் கம்பி படுக்கையாக, கொஞ்சம் மேல் தூக்கலாக வருகிற மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். இடது பக்கம் மிதித்தால் நட்டு கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் திரும்பும்.

ஐந்து நட்டு இப்படியே வந்தது. ஒவ்வொன்றும் 'டக்' என்று கூர்மையாக ஒரு சத்தம், அப்புறம் வழுக்கலாகச் சுற்றியது. அரைச் சுற்று மட்டும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

ஆறாவது நட்டில் ஸ்பேனர் வழுக்கியது. இறங்கிப் பார்த்தால் மற்ற நட்டெல்லாம் 33, இது ஒன்று மட்டும் 32. எப்போதோ ஏதோ ஒரு கடையில் தொலைந்துபோன நட்டுக்குப் பதிலாகக் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள். ஒரு மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஆயிரம் நியூட்டன் மீட்டர் ஏறும்போது மூலை ஆறும் மழுங்கிவிடும். மழுங்கினால் உளி வைத்து நட்டைப் பிளக்கிறதுதான் மிச்சம். நல்ல வேளை, ஒரு மூலைதான் கொஞ்சம் உரிந்திருந்தது. 32 சாக்கெட் எங்களிடம் இல்லை.

மிச்சம் நான்கு நட்டு அசையவே இல்லை. தம்பி சொன்னான், "அண்ணா, நான் மேல ஏறிக் குதிக்கிறேன்." நானும் சரி என்று சொல்ல இருந்தேன்.

பெரியவர் கொண்டுவந்த கவட்டை

எங்களுக்குப் பின்னால் ஒரு டாரஸ் வண்டி டீக்கு நின்றது. சங்ககிரிப் பக்கத்து டிரைவர், அறுபதை நெருங்கிய வயசு. சத்தத்தைக் கேட்டு வந்தவர் தம்பியைத் தோளில் தொட்டு இறக்கினார். "குதிக்காத கண்ணு. குதிச்சா நட்டு வராது, கம்பி உடையும், இல்லீன்னா உன் பல்லு உடையும்." என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மரை பார்த்தீங்களா?" பழைய வண்டிகள் சிலவற்றில் இடது பக்கச் சக்கரத்துக்கு இடது மரை வரும். அது தெரியாமல் இளக்குவதாக நினைத்துக்கொண்டு இறுக்கிக்கொண்டே இருப்பவர்களை அவர் பார்த்திருக்கிறார். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஸ்டட் முனையைத் துடைத்தால் மரை எந்தப் பக்கம் ஏறுகிறது என்று தெரியும், இடது மரை ஸ்டட்டின் முனையில் பெரும்பாலும் எல் என்று குத்தியும் இருக்கும். எங்களுடையது எல்லாம் வலது மரைதான்.

அப்புறம் அவர் கம்பிப் பிரஷ் கேட்டார். ஸ்டட் முனையில் அப்பியிருந்த சேறு, பெயிண்ட், துரு எல்லாவற்றையும் பத்து ஸ்டட்டிலும் தேய்த்து எடுக்கச் சொன்னார். இதை நான் என் சர்வீஸில் ஒழுங்காகச் செய்ததே இல்லை. நட்டு உட்கார்ந்த இடத்தில் இளகினாலும், வெளியே வருகிற வழியில் அந்த அழுக்கு மரையில் ஏறும்போது மறுபடி கடித்துக்கொள்ளும், அப்போது ஸ்டட் முறுகும். வழியைச் சுத்தம் செய்துவிட்டு ஆளைக் கூப்பிடு என்கிற மாதிரி.

துரு ஸ்பிரேயை நட்டின் பின்பக்கம், டிஸ்க்கில் உட்காருகிற இடத்தில், மரை வாயில் என்று அடித்துவிட்டு இருபது நிமிடம் தொடாமல் விட்டோம். அடித்த உடனே கம்பியைப் போட்டால் ஸ்பிரே வீண். அந்த இருபது நிமிடத்தில் பெரியவர் நட்டின் முகங்களில் ஒரு தடித்த உருட்டுக் கம்பியை வைத்து, சம்மட்டியால் அளவாக அடித்தார். பின் சக்கரத்தில் நட்டு குழிக்குள் இருப்பதால் சம்மட்டியை நேராக வீச முடியாது, அதற்குத்தான் உருட்டுக் கம்பி. நட்டின் முகத்தில்தான் அடி விழ வேண்டும், ஸ்டட் முனையில் பட்டால் மரை விரிந்து நட்டு வெளியே வரவே வராது. அடிக்கிற அதிர்வில் துரு விரிசல் விட்டு, ஸ்பிரே உள்ளே இறங்கும். ஏழு எட்டு அடிக்கு ஒருமுறை கையை நிறுத்திப் பார்த்தார். நட்டைச் சுற்றி காவி நிறத்தில் எண்ணெய் கசிந்து வரத் தொடங்கியது. "உள்ள போயிருச்சு," என்றார்.

இதற்கு நடுவே சற்றுத் தள்ளி இருந்த பஞ்சர் கடைக்காரர் வந்து கேஸ் வைத்துச் சூடாக்கலாம் என்றார். காற்றழுத்தத்தில் நட்டைச் சுழற்றுகிற காற்றுக் கன் அவரிடம் இல்லை, கேஸ் மட்டும் இருந்தது. பெரியவரும் நானும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். டயர் மாட்டியிருக்கிற ரிம்மில் நெருப்பு காட்டினால், உள்ளே ரப்பர் கருகி வாயு சேர்ந்து டயர் வெடிக்கும். வெளியே நெருப்பை அணைத்த பிறகுகூட வெடிக்கும். ஸ்டட்டின் பதமும் போய்விடும், அதுவரை உறுதியாக இருந்தது மெத்தென்று ஆகிவிடும். அவசரத்தில் இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள்.

அடுத்து அவர் தன் வண்டியிலிருந்து எடுத்து வந்த பொருள்தான் எனக்கு அன்றைய பாடம். ஒரு கனமான இரும்புத் தட்டு, அதன் நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு பைப்பு, பைப்புக்குள் ஏறி இறங்கும் ஒரு கம்பி, கம்பியின் தலையில் அரை வட்டமாக வளைத்து வெல்டிங் வைத்த ஒரு கவட்டை. உயரத்தை ஓர் ஆணி மாற்றிச் சரி செய்யலாம். சங்ககிரியில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்ததாம். ஸ்பேனரை நட்டில் மாட்டி, வெளியே நீட்டியிருக்கிற அதன் தண்டை இந்தக் கவட்டையின் மேல் உட்கார வைத்தார்.

ஏன் என்று விளக்குகிறேன். பின் சக்கரத்தில் நட்டு ஒரு சாண் உள்ளே இருக்கிறது, நாம் மிதிக்கிற கம்பி வெளியே இருக்கிறது. மிதிக்கிற பலம் முழுவதும் நட்டைத் திருப்புவதற்குப் போவதில்லை. அது தண்டின் வெளி முனையைக் கீழே இழுக்கிறது, ஸ்பேனர் நட்டின் மேல் சாய்கிறது, சாய்ந்த ஸ்பேனர் நட்டின் மூலையைக் கடித்து உரிக்கிறது, ஸ்டட்டையும் பக்கவாட்டில் வளைக்கிறது. நீளம் கூடக்கூட இந்தத் தொல்லையும் கூடும். தண்டுக்குக் கீழே ஒரு தாங்கல் இருந்தால் சாய வழியில்லை, மிதிப்பது எல்லாம் முறுக்காகவே போகும். அதே நான், அதே 74 கிலோ, அதே பைப்பு. குதிக்காமல், பைப்பில் ஒரு கால் வைத்து மெதுவாக முழு எடையையும் கொடுத்து, அப்படியே பத்து எண்ணுகிற நேரம் நின்றேன். ஏழாவது நட்டு 'கிறீக்' என்று முனகி, கால் விரல் அகலம் நகர்ந்தது. எட்டாவதும் அப்படியே வந்தது. பெரியவரிடமிருந்த 32 சாக்கெட்டைப் போட்டு அந்த உரிந்த நட்டையும் இளக்கினோம். நகர்ந்த நட்டை ஒரே மூச்சில் சுழற்ற விடவில்லை, அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே, மறுபடி வெளியே என்று தறி ஓட்டுகிற மாதிரிதான்.

ஜாக்கி, அப்புறம் உடைந்த ஸ்டட்

ஒன்பதாவது நட்டுக்குத் தாங்கல் வைத்தும் என் எடை போதவில்லை. ஜாக்கியைக் கம்பிக்கு அடியில் வைத்துத் தூக்கலாம் என்பது பலருக்கும் தெரிந்த உத்திதான். வலது கைப் பக்கம் கம்பியை நீட்டி, கீழிருந்து ஜாக்கி மேலே தள்ளினால் நட்டு இளகுகிற திசை. ஆனால் அப்படிச் செய்யும்போது தண்டு மேலே தூக்கப்படும், கீழே இருக்கிற கவட்டைக்கு வேலை இல்லாமல் போய்விடும், ஸ்பேனர் மறுபடி சாயும். பெரியவர் டாமி ராடை நடுவில் நிறுத்தி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டார். வலது பக்கம் கட்டைகள் அடுக்கி அதன் மேல் ஜாக்கி, இடது பக்கம் பைப்பு போட்டு நான். ஒரு பக்கம் தூக்கல், ஒரு பக்கம் அழுத்தல். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ள, தண்டு மேலேயும் போகவில்லை கீழேயும் வரவில்லை, சுத்தமான முறுக்கு மட்டும் நட்டுக்குப் போனது. ஜாக்கியை அவரே அடித்தார், ஒரு அடி, ஒரு நிறுத்தம். கம்பி நழுவினால் பறந்து வரும் வழியில் யாரும் நிற்காமல் தம்பியைத் தள்ளி நிறுத்தினார். இப்படிச் செய்யும்போது ஜாக்கியின் பலத்துக்கு முன்னால் நட்டும் ஸ்டட்டும் ஒன்றுமில்லை என்பது நினைவிருக்க வேண்டும். வேகமாக அடித்தால் எது முதலில் உடையும் என்று சொல்ல முடியாது. நான்காவது அடியில் வெடி மாதிரி ஒரு சத்தம், நட்டு இளகியது.

பத்தாவதில் சத்தம் வரவில்லை. கம்பி நகர்ந்தது, ஆனால் மாவில் கரண்டியைத் திருப்புகிற மாதிரி மெத்தென்று நகர்ந்தது. காலில் அந்த உணர்வு வந்தவுடனே எனக்கு வயிறு கலங்கியது. இளகுகிற நட்டு முதலில் பிடிவாதம் பிடிக்கும், பிறகு சட்டென்று விடும். முறுகுகிற ஸ்டட் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வரும். பெரியவர் என் முகத்தைப் பார்த்தே கேட்டார், "மெத்துன்னு போகுதா? விடுங்க தம்பி, அது நட்டு இல்ல, ஸ்டட்டு. அதத் திரும்ப முடுக்கியும் பிரயோசனமில்ல, எடுத்துருங்க." முக்கால் சுற்றில் மழுங்கிய ஒரு சத்தத்தோடு நட்டும் பாதி ஸ்டட்டும் கையில் வந்தது.

உடைந்த முகத்தை வெயிலில் காட்டிப் பார்த்தோம். மூன்றில் ஒரு பங்கு கறுத்து, துருவேறி இருந்தது. மிச்சம் புதுசாகப் பளபளத்தது. கறுத்த பகுதி பழைய விரிசல், அது இன்றைக்கு உடையவில்லை, பல நாளாக உடைந்துகொண்டே வந்திருக்கிறது. அதாவது இந்தச் சக்கரத்தை நான் ஒன்பதே முக்கால் ஸ்டட்டில்கூட இல்லை, அதற்கும் கீழே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், ஏற்ற இறக்கத்தில், லோடோடு.

சக்கரத்தை எடுத்ததையும் சொல்லிவிடுகிறேன், இதில் தவறினால் நட்டு உடைவதைவிடப் பெரிய ஆபத்து. எங்கள் ரிம் ரிங் வைத்தது, அதாவது டயரை ரிம்மில் பிடித்து வைக்கிற இரும்பு வளையம் தனியாக வரும், சரியாக உட்காராவிட்டால் காற்றின் அழுத்தத்தில் தெறிக்கும். காற்றில்லாமல் ஓடிய டயரில் ரிங் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால் நட்டுகளை அரைச் சுற்றிலேயே நிறுத்திவிட்டு, ஜாக்கியில் ஆக்ஸிலைத் தூக்கி, இரண்டு டயரிலும் வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுக்க விட்டுவிட்டுத்தான் நட்டை எடுத்தோம். பின்னால் வெளி டயருக்குக் காற்று நிரப்பியபோது பஞ்சர் கடைக்காரர் சங்கிலி சுற்றி, ரிங்கைச் சுவர்ப் பக்கம் திருப்பி, நீள ஹோஸில் நிரப்பினார். நின்ற இடமும் ஓரமாக. அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

ஏன் இப்படி ஆனது

இரண்டு டிஸ்க்குக்கும் நடுவே கை விட்டால் செதில் செதிலாகத் துரு. இந்த வண்டியை நான் வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன் தூத்துக்குடியில் உப்பு ஏற்றி ஓடிய வண்டி. உப்பு லோடில் ஒழுகுகிற நீர் பாடியிலிருந்து சேஸிஸ், அங்கிருந்து சக்கரம் என்று இறங்கும். வாங்கும்போது புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள், நானும் மேல் பூச்சைப் பார்த்துவிட்டு வாங்கினேன். இரும்பு துருவானால் முன்பிருந்ததைவிட அதிக இடத்தைப் பிடிக்கும், மரைக்குள் இருக்கிற மயிரிழை இடைவெளியை அது நிரப்பி ஆப்பு வைத்த மாதிரி இறுக்கிவிடும்.

அது பாதிக் காரணம். மீதி, இரண்டு மாதம் முன்பு ஒரு டயர் கடையில் காற்றுக் கன்னில் முடுக்கியது. பெரிய கன் இந்த நட்டுக்குத் தேவையானதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தள்ளும், அளவு காட்ட அதில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு 'டடடட' என்று அடித்துக்கொண்டே இருந்தபோது நல்லா டைட் ஆகட்டும் என்று பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். ஸ்டட் என்பது ஸ்பிரிங் மாதிரி, அளவாக இழுத்தால்தான் டிஸ்க்கைப் பிடித்து வைத்திருக்கும். அளவு மீறி இழுத்தால் நீண்டுவிடும், நீண்ட பிறகு பிடி இருக்காது.

ஒன்பது நட்டோடு தொப்பூர் கணவாய் இறங்க எனக்கு மனம் வரவில்லை. மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகாமல், பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி நட்டைப் பார்த்துக்கொண்டே தருமபுரி வரை போய் ஒரு பட்டறையில் விட்டேன். ட்ரம்மைக் கழற்றி ஸ்டட்டுகளைத் தட்டி எடுத்தார் மெக்கானிக். புது ஸ்டட்டின் மரையைப் பழையதன் மேல் சேர்த்து வைத்து வெளிச்சத்தில் காட்டினார். இரண்டு ஸ்டட்டில் தொடக்கத்தில் பல்லோடு பல் சேர்ந்தது, நடுவில் போகப் போக விலகியது, அவை நீண்டுபோனவை. ஒரு ஸ்டட் உடைந்தால் அதன் இரண்டு பக்கத்து ஸ்டட்டையும் மாற்ற வேண்டும், ஒன்றுக்கு மேல் போயிருந்தால் பத்தையும் மாற்ற வேண்டும் என்பதுதான் முறை. பத்தையும் மாற்றினோம். டிஸ்க்குகளின் முகத்தில் துருவையும் தடித்த பெயிண்டையும் சுரண்டி எடுத்தோம். அந்தப் பெயிண்ட் ஓட ஓட நசுங்கும், நசுங்கினால் முடுக்கிய நட்டு தானாகத் தளர்ந்துவிடும்.

முடுக்கும்போது கன்னைத் தொட விடவில்லை. கையால் ஓட்டி, எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி முடுக்கி, கடைசியில் முறுக்கை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சில் கையேட்டு அளவுக்குக் கொண்டுவந்தோம். ரோட்டில் டார்க் ரெஞ்ச் இல்லாத நேரத்துக்கு என் டாமி ராடில் 90 செ.மீ. இடத்தில் ஒரு வெட்டுக் குறி போட்டு வைத்திருக்கிறேன். என் எடைக்கு அந்தக் குறியில் உலுக்காமல் நின்றால் ஏறத்தாழ 650 நியூட்டன் மீட்டர். உங்கள் எடைக்குக் குறி வேறு இடத்தில் வரும், வண்டியின் கையேட்டில் இருக்கிற எண்ணுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கியர் வைத்த ஸ்பேனர் வாங்கலாமே என்று சிலர் கேட்டார்கள். கைப்பிடியை ஐம்பது அறுபது சுற்று சுற்றினால் நட்டு ஒரு சுற்று திரும்பும், சின்னப் பையன்கூட இளக்கிவிடலாம். நல்ல கருவிதான், ஒத்தையில் ஓட்டுகிறவர்களுக்கு அவசியமும்கூட. ஆனால் நட்டு சட்டென்று விடுகிறதா, மெத்தென்று முறுகுகிறதா என்பது அதில் கைக்குத் தெரிவதில்லை. எனக்கு அந்த உணர்வு வேண்டும், அதனால் நான் கவட்டையைத்தான் செய்துகொண்டேன், அதே சங்ககிரிப் பட்டறையில்.

நாமக்கல்லில் லோடு இறக்கியதும் முதல் வேலையாக அந்தச் சக்கரத்தின் நட்டுகளை மறுபடி சரிபார்த்தேன். புதிதாக மாட்டிய சக்கரத்தை 80 முதல் 160 கிலோமீட்டருக்குள் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். இரண்டு நட்டு கொஞ்சம் ஏறியது. அடுத்த இரண்டு நாள் வண்டியை நிறுத்தி, மற்ற சக்கரங்களையும் ஒவ்வொன்றாக இளக்கி, கம்பிப் பிரஷ் போட்டு, மாட்டினோம். அதே ஆக்ஸிலின் வலது பக்கம் ஏழாவது நட்டை எடுக்கும்போது பைப்பில் நின்ற தம்பி சட்டென்று காலை எடுத்துவிட்டு, "அண்ணா, மெத்துன்னு போகுது," என்றான்.